லாபம், ரெண்டு, மூணு

வடபழனி
14-9-1975

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தானியேல் எழுதுகிறேன். நான் சுகம். நீயும் மாமாவும் சுகம்தானா?

நீங்கள் ஆறு பேரும் பாடிக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போன மறுநாளே எழுதியிருக்க வேண்டும். முடியவில்லை. படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கிற வேலை என்னைத் தின்றுவிட்டது. இப்போது ‘ஒரு மரக்கால் நெல்’ முடிந்துவிட்டது அக்கா. நேற்று முழுப் படத்தையும் இசையோடு போட்டுப் பார்த்தோம். டைட்டிலில் ‘இசை: தானியேல்’ என்று தனியாக ஒரு கார்டு. இத்தனை வருஷம் மற்றவர்கள் படத்துக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வயலின் இழுத்தவனின் பெயர் திரை முழுக்க நின்றது. நைனா இருந்து பார்த்திருக்கலாம்.

கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கூலிக்காரர்கள் ஒரு மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்கிறார்கள். பண்ணையார் ஒரு கட்சியின் பெரிய புள்ளி. அறுப்பு நிற்கிறது. கடைசியில் களத்துமேட்டிலேயே துப்பாக்கிச் சூடு நடக்கிறது. செத்தவர்களைப் பெண்கள் தூக்கிவந்து களத்தில் வரிசையாகக் கிடத்துகிறார்கள். டைரக்டர் சின்னராசு அந்த இடத்தில் ஒரு வசனமும் வைக்கவில்லை. ‘நீ ஏதாவது செய்’ என்று என்னிடம் விட்டுவிட்டார்.

அங்கேதான் உங்கள் குரலைப் போட்டேன். கூடவே ஒரு வாத்தியமும் கிடையாது. முதல் உடலைக் கீழே வைக்கிறார்கள். ‘லாபம்’ என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அடுத்த உடல் வருகிறது, ‘ரெண்டு’. அதற்கடுத்தது, ‘மூணு’. நெல் அளக்கும்போது வருகிற அதே இழுப்பு, அதே நிதானம். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. சின்னராசு துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் லோகநாதன் மட்டும், “இன்னா தானியேலு, கொஞ்சம் பயமா கீதேப்பா” என்றார். பயமாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

குப்பம்மாளிடம் சொல். அவள் குரல்தான் முன்னால் நிற்கிறது. படம் சென்சாருக்குப் போகப் போகிறது. பொங்கலுக்குள் வந்துவிடும்.

உன் தம்பி
தானியேல்

•

கவரைப்பேட்டை
21-9-1975

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

சாராள் எழுதுவது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன் பெயர் திரையில் வந்ததை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது.

நெல் அளக்கிற காட்சி என்று சொல்லித்தானே எங்களைக் கூப்பிட்டாய்? களத்தில் முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது எதற்கு? விளைச்சல் பெருகட்டும் என்று. அந்த நல்ல சொல்லைக் கொண்டுபோய்ப் பிணத்தின் மேல் வைத்திருக்கிறாய். கேட்டிருந்தால் பாடியிருப்போமா மாட்டோமா, அது வேறு விஷயம். நீ கேட்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள், “இந்த ஆயாங்கள மைக்க தொடாம நிக்கச் சொல்லுப்பா” என்றான். நீ வாயைத் திறக்கவில்லை. விக்டோரியாவுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, அவளும் ஆயாவா? கவரைப்பேட்டை வரும்வரை ரயிலில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆணிக் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நான் எரிந்து விழுந்ததைக் கேட்டுக் குப்பம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் புதுவாயல் பக்கம் ஒருத்தர் நிலத்தில் கூலித் தகராறில் அடிபட்டுச் செத்தவர் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கே அன்றுதான் முழுசாகச் சொன்னாள்.

“ஒந்தம்பி சரியாத்தான் போட்டுக்கீறான், சாராளு. எம்புருசன அட்ச்சிப் போட்ட மறுநாளு அதே களத்துல நெல்லு அளந்தாங்க. பொணத்த ஊட்ல வெச்சிக்கினு குந்தினு இருக்கேன், லாபம், ரெண்டுன்னு அங்கேந்து என் காதுக்குக் கேக்குது. அத்த எவனும் தப்புன்னு சொல்லலியே.”

ஆனாலும் நீ கேட்காமல் செய்தது தப்புதான். படம் வரட்டும், பார்க்கிறோம். மாமா ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்.

அக்கா
சாராள்

•

வடபழனி
6-1-1976

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்குப் படம் வராது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

சென்சாரில் முதலில் பண்ணையாரின் வேட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டார்கள். அது எந்தக் கட்சிக் கரை என்று கேட்டார்கள். படமே கறுப்பு வெள்ளை, கரை என்ன நிறம் என்று எப்படி ஐயா தெரியும் என்றார் சின்னராசு. “பார்க்கிறவன் நினைத்துக்கொள்வான்” என்று பதில். சரி, கரை தெரிகிற இடங்களை வெட்டினோம். சப்-இன்ஸ்பெக்டர் பேசும் ஒரு வசனத்தை வெட்டினோம். ஊர்வலத்தைப் பாதியாக்கினோம். இதற்கெல்லாம் லோகநாதன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் உங்கள் குரலுக்கு வந்தார்கள். முதலில் அவர்களுக்கு அது புரியவே இல்லை, யாரோ என்னவோ எண்ணுகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். என்னை உள்ளே கூப்பிட்டு அந்த ‘லாபம்’ என்ன என்று ஒருவர் கேட்டார். களத்து வழக்கம், முதல் அளவைக்கு மங்களமாகச் சொல்வது என்று ஒழுங்காக விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அப்படியானால் ஒரு சாவை லாபம் என்று சொல்கிறீர்கள். யாருக்கு லாபம்?” என்றார். படம் பார்க்கிறவர்களிடம் நாங்கள் கேட்பதும் அதுதான் என்றேன். அறைக்கு வெளியே வந்ததும் லோகநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

காட்சி இருக்கலாமாம், குரல் மட்டும் இருக்கக் கூடாதாம். “நீ வயலின்காரன்தானே, சோகமா நாலு வயலினப் போடு. ஜனங்க அழுதுட்டு ஊட்டுக்குப் போவாங்க” என்கிறார் லோகநாதன். முடியாது என்றேன். அழுதுவிட்டு வீட்டுக்குப் போவதற்கா இவ்வளவு பாடு?

ஒரு நல்ல செய்தி. ஒரு வாரப் பத்திரிகைக்காரர் இதைக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆணிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள்தான் பாடியது என்று உங்கள் பெயர்களையெல்லாம் சொன்னேன். ஸ்டுடியோவில் உங்களுக்காக நான் வாய் திறக்கவில்லை என்றாயே, இப்போது திறந்துவிட்டேன். பத்திரிகையை இதோடு அனுப்புகிறேன்.

தானியேல்

•

கவரைப்பேட்டை
19-2-1976

தம்பி தானியேலுக்கு,

நீ அனுப்பிய பத்திரிகை எங்களுக்கு மட்டும் வரவில்லை.

இங்கே மந்திரிசபை கலைந்து, கவர்னர் ஆட்சி வந்த பிறகு, யார் வாயைத் திறந்தாலும் பக்கத்திலிருப்பவன் திரும்பிப் பார்க்கிறான். சென்ற வாரம் கம்பெனிக்கு ஒரு ஜீப் வந்தது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர். மானேஜர் அறையில் அந்தப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து உள்ளே கூப்பிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்தது, எந்தக் கட்சி, எங்கே கூட்டம் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போடுகிறோம் என்றாள் விக்டோரியா. அவள் உண்மையாகத்தான் சொன்னாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

பிறகு குப்பம்மாளைப் பார்த்து ஒருவர், “அந்தப் பாட்டைப் பாடு” என்றார்.

“பாட்டு இல்லீங்க. எண்றது.”

“சரி, எண்ணு.”

“எதுனா எதிர்ல இருந்தாத்தானே எண்றதுக்கு.”

மானேஜர் மூலையில் அடுக்கியிருந்த ஆணிப் பெட்டிகளைக் காட்டினார். குப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். லாபம்... ரெண்டு... மூணு... வெளியே மிஷின் சத்தத்தை மீறிக் குரல் போயிருக்கிறது, கட்டிங் செக்‌ஷனில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். பெட்டிகள் தீர்ந்தன. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அவள் மெல்லத் திரும்பினாள். நாற்காலியில் இருந்த அந்த ஆளைப் பார்த்து ‘லாபம்’ என்றாள். அடுத்தவரைப் பார்த்து ‘ரெண்டு’ என்றாள். மானேஜர் எழுந்து நின்றார், அவரை ‘மூணு’ என்றாள்.

அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தற்காலிகம் என்பதால் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லையாம். என்னையும் விக்டோரியாவையும் விசாரணை முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். மற்ற மூன்று பேர், சினிமாவைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தானியேல், எங்கள் குரலை அந்தப் படத்திலிருந்து எடுத்துவிடு. இது ஆறு பேர் பிழைப்பு. எடுத்துவிட்டோம் என்று அந்த லோகநாதன் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், மானேஜரிடம் காட்டிப் பார்க்கிறேன் என்கிறார் மாமா. தாமதம் செய்யாதே.

சாராள்

•

வடபழனி
25-2-1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நடந்தது அநியாயம். குப்பம்மாள் செய்ததைச் சின்னராசுவிடம் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். அவர் வீடு பூட்டியிருந்தது. முந்தின நாள் விசாரணை என்று கூட்டிப் போனார்களாம், திரும்பவில்லை. எங்கே என்று கேட்டால் யாரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. டைரக்டர் இல்லாத படத்துக்கு இப்போது நான் ஒருவன்தான் காவல்.

சென்சார் எடு என்கிறது. லோகநாதன் எடு என்கிறார். நீயும் எடு என்கிறாய். மூன்று பேருக்கும் ஒரே வார்த்தை. உன் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவில்லை.

யோசித்துப் பார் அக்கா. குரலை எடுத்துவிட்டால் குப்பம்மாள் பட்டது எதற்கு? நாம் தப்பு செய்தோம் என்று நாமே ஒத்துக்கொண்டதாகத்தானே ஆகும்? நாளைக்கு இன்னொன்றை எடு என்பார்கள். அந்தப் பக்கம் கம்பெனிகளுக்கா பஞ்சம்? தினம் ஒன்று முளைக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த ஆணிக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். எனக்கு இருப்பது இந்த ஒரு படம். இதில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் குரல். அதை என்னால் எடுக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தானியேல்

•

கவரைப்பேட்டை
3-3-1976

தானியேலுக்கு,

உனக்கு இருப்பது ஒரு படம். குப்பம்மாளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாயா?

நீ சொன்னபடி இன்னொரு கம்பெனிக்குப் போனோம். பெயரைச் சொன்னதும் வாட்ச்மேன், “ஓ, பாட்டு பாட்ன பொம்பளைங்களா? வேல இல்லம்மா” என்றான். அடுத்ததிலும் அப்படித்தான். பத்திரிகை படிக்காதவன்கூட எங்கள் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறான். நன்றாகத்தான் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

குப்பம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆரம்பாக்கத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். களை எடுக்கப் போகிறாள். எந்த வேலையிலிருந்து தப்பித்து இருபது வயதில் கம்பெனிக்கு வந்தாளோ, அதே வேலைக்கு. ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிட்டேன். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். பொறுத்துக்கொள்வதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே.

சாராள்

•

வடபழனி
11-6-1976

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும்.

எடுத்துவிட்டேன் அக்கா. நீ கேட்டபடி எடுத்துவிட்டேன்.

சின்னராசு திரும்பி வந்துவிட்டார். ஆனால் பேசுவதில்லை. படத்தைப் பற்றிக் கேட்டபோது, “எதையாச்சும் பண்ணிக்கங்க, நா ஊருக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்றார் லோகநாதன். அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் பயந்துபோனேன். அந்த ஆள் கையில் கொடுத்தால் பிணத்தின் மேல் கதாநாயகியை அழ வைத்து ஒரு முழுப் பாட்டே போட்டுவிடுவான். அதைவிட நானே செய்வது மேல் என்று உட்கார்ந்தேன். உன் கடிதத்தையும் நினைத்துக்கொண்டேன்.

வயலின்கள்தான் போட்டேன். முதல் வயலின் நானே வாசித்தேன். எதிரே திரையில் பெண்கள் உடல்களைக் கிடத்துகிறார்கள், நான் சோகமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு இடத்தில் வில் நின்றுவிட்டது. “இன்னொரு டேக் போலாம் சார்” என்றார்கள். போனேன். எல்லோரும் நன்றாக வந்திருக்கிறது என்று கையைக் குலுக்கினார்கள். சர்டிபிகேட் வந்துவிட்டது.

லோகநாதனிடம் எழுதி வாங்கிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாமாவை மானேஜரிடம் காட்டச் சொல். உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. முழுக்க அப்படியும் இல்லை. களைத்துப்போய்விட்டேன்.

தானியேல்

•

கவரைப்பேட்டை
11-6-1976

அன்பான தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னவள் நான். நானே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விக்டோரியாவும் நானும் ஆரம்பாக்கம் போய்க் குப்பம்மாளைப் பார்த்தோம். வயலிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவாமல் எங்களுக்குக் காப்பி போட்டாள். உன்னிடம் குரலை எடுக்கச் சொல்லி எழுதினேன் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள்.

“யார கேட்டு எழுதன நீ?” என்றாள்.

“ஒனக்காகத்தான்டி. வேல திரும்பக் கெடைக்கும்னு...”

“வேலதான் பூட்சே. வேலயும் பூட்சி, கொரலும் போவணுமா? ஒந்தம்பி ஒங்கள கேக்காம சேத்துட்டான்னு அன்னிக்கு குதிச்ச. இன்னிக்கு நீ என்ன கேக்காம எடுக்கச் சொல்லிட்ட. நல்ல அக்கா, நல்ல தம்பி.”

நான் அழுதுவிட்டேன். விக்டோரியா பேச்சை மாற்றப் பார்த்தாள், குப்பம்மாள் விடவில்லை. “அந்தப் படம் ஓடட்டும், ஓடாம போட்டும். ஓட்னா அதுல நாம இருக்கணும். எயுதிப் போடு” என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். குரலை எடுக்காதே. முன்பு நான் எழுதியதை மறந்துவிடு. நீ பிடிவாதக்காரன், இன்னும் எடுத்திருக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் இருக்கிறேன். உன்னைத் திட்டியதற்கு வருந்தவில்லை. ஆனால் நீ பிடித்த பிடியை விடாதே.

அக்கா
சாராள்

•

வடபழனி
17-6-1976

அக்கா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் எடுத்துவிட்டேன் என்று எழுதிய நாளிலேயே, எடுக்காதே என்று நீ எழுதியிருக்கிறாய். இதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் லாட்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். சென்சாருக்குக் காட்டிய பிரதியில் அந்த இடத்து ஒலியை ஏற்கெனவே வெட்டி எறிந்துவிட்டார்கள். படத்தில் இல்லாவிட்டாலும் குரல் பதிந்த டேப்பாவது இருக்கட்டும், என்றைக்காவது பயன்படும் என்று கேட்டேன். சவுண்ட் இன்ஜினியர் அலமாரியில் தேடிப் பார்த்துவிட்டு, “அந்த டேப்பா சார்? லோகநாதன் சார் வேணாம்னுட்டாரு. அத அழிச்சிட்டு மேல இன்னொரு படத்துக்கு ஒரு டூயட் எடுத்துட்டோமே. வேணும்னா டூயட்ட போட்டுக் காட்டவா?” என்றார். அந்த மனுஷர் மேல் தப்பில்லை. அங்கே டேப் கிடைப்பதே கஷ்டம், எல்லாவற்றையும் அழித்து அழித்துத்தான் பயன்படுத்துகிறார்கள்.

போட்டுக் காட்டச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தூரத்திலாவது உங்கள் குரல் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. ஊட்டியில் யாரோ இரண்டு பேர் குளிருது குளிருது என்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

குப்பம்மாளிடம் நீதான் சொல்ல வேண்டும். என்னால் முடியாது.

தானியேல்

•

கவரைப்பேட்டை
24-10-1976

தம்பிக்கு,

லோகநாதன் கொடுத்த கடிதத்தை மானேஜர் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று மாமா உனக்கு எழுதியிருப்பார். அதோடு அந்தக் கதை முடிந்தது. நானும் விக்டோரியாவும் செங்கல் சூளைக்குப் போய்வருகிறோம்.

நேற்று உன் படம் புதுவாயல் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. மாட்டினி ஆட்டத்துக்கு எல்லோரும் போனோம். எழுதிக் கொடுத்த மூன்று பேரும் வந்தார்கள். குப்பம்மாள் ஆரம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். மணலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டோம். உன் பெயர் வந்ததும் மாமா விசில் அடித்தார். இந்த வயதில் அவருக்கு விசில் வருகிறது என்று எனக்கே நேற்றுதான் தெரியும். நானும் கை தட்டினேன். தட்டிவிட்டு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

கடைசிக் கட்டம் வந்தது. வயலின் ஆரம்பித்தது. என் பக்கத்தில் இருந்த பொம்பளை தேம்பித் தேம்பி அழுதாள். ஆண்கள் பக்கத்திலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். டென்ட் முழுக்க அழுகை. தம்பி, நீ நன்றாக வாசித்திருக்கிறாய். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நானும் அழுதுவிட்டேன், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. எங்களை எடுத்துவிட்டு வைத்த ஒன்றுக்கு நானே அழுகிறேன்.

குப்பம்மாள் அழவில்லை. நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு போட்டதும், “நாம இல்லாமயே நல்லாத்தான் கீது” என்றாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். வெளியே வந்த ஜனங்கள், பாவம், என்னமா அழ வெச்சிட்டான், சரி வா ஊட்டுக்குப் போலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போவதற்கா என்று நீ ஒரு தடவை எழுதியிருந்தாயே, அப்படியேதான் போனார்கள்.

உன் மேல் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சாராள்

•

வடபழனி
2-5-1977

அன்புள்ள அக்காவுக்கு,

நம் காலம் வந்துவிட்டது! நெருக்கடி நிலை போய்விட்டது, தேர்தல் முடிந்துவிட்டது, இங்கே எல்லோருக்கும் திடீரென்று வாய் முளைத்துவிட்டது. போன வருஷம் என்னைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்ட லோகநாதன் நேற்று லாட்ஜுக்கே தேடி வந்தார். ‘ஒரு மரக்கால் நெல்’ படத்தை, வெட்டியதையெல்லாம் சேர்த்து மறுபடி வெளியிடப் போகிறாராம். “தடை செய்யப்பட்ட குரல்” என்று போஸ்டர் அடிக்கப் போகிறார். புது சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது.

குரல்தான் இல்லை. டேப் அழிந்த கதை உனக்குத் தெரியும். ஆகவே நீங்கள் ஆறு பேரும் மறுபடி வந்து பாட வேண்டும். வருகிற பதினாறாம் தேதி திங்கட்கிழமை ஸ்டுடியோ சொல்லியிருக்கிறேன். இந்த முறை ரயில் வேண்டாம், வேன் வரும். உங்கள் ஆறு பேர் பெயரும் டைட்டிலில் வர வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். எந்தக் காட்சிக்கு என்பதை இந்த முறை முன்கூட்டியே சொல்லிக் கேட்கிறேன், பார்த்தாயா? ஆயா என்று எவனாவது சொன்னால் நான் அவன் கண்ணாடியை உடைக்கிறேன்.

சின்னராசுவுக்கும் எழுதினேன். பதில் இல்லை. போகட்டும், நீங்கள் வந்தால் போதும். குப்பம்மாளைக் கட்டாயம் அழைத்து வா. அவள் இல்லாமல் அது நடக்காது. உடனே பதில் போடு.

உன் தம்பி
தானியேல்

•

கவரைப்பேட்டை
8-5-1977

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நீ எங்களுக்காகச் சண்டை போட்டதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் பதினாறாம் தேதி நாங்கள் வர முடியாது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஆணிக் கம்பெனியில் சங்கம் வைத்துவிட்டார்கள். மாமாவும் அதில் இருக்கிறார். சங்கம் கேட்டதன் பேரில் என்னையும் விக்டோரியாவையும் திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. இருவரும் போனோம். குப்பம்மாள் பெயர் எங்கே என்று கேட்டேன். அவள் தற்காலிகம், அவளைச் சேர்க்க மாட்டோம் என்றார் மானேஜர். விக்டோரியா என் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

முதல் நாள் இரண்டு பேர்தான். உள்ளே போகிறவர்கள் எங்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மறுநாள், அன்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்களில் ஒருத்தி, சாப்பாட்டுத் தூக்கோடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஒரு நாளு ஒங்கள உட்டுட்டு உள்ள பூட்டேன். தெனமும் போவ முடியாது” என்றாள். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். இப்போது பாக்கிங் செக்‌ஷனில் பாதிப் பேர் வெளியேதான் இருக்கிறோம். குப்பம்மாள் ஆரம்பாக்கத்திலிருந்து காலை வண்டியில் வந்துவிடுகிறாள். வர வேண்டாம், அறுப்பு வேலை கெட்டுவிடும் என்றேன். எனக்காக நீங்கள் குந்தியிருக்கும்போது நான் எங்கே போவேன் என்கிறாள்.

பதினாறாம் தேதியிலிருந்து கம்பெனி முழுக்க வேலைநிறுத்தம் என்று சங்கம் அறிவித்திருக்கிறது. நீ ஸ்டுடியோ சொன்ன அதே நாள். உன் கடிதத்தைக் குப்பம்மாளிடம் காட்டி, நீ மட்டுமாவது போய்ப் பாடிவிட்டு வருகிறாயா என்று கேட்டேன்.

“அன்னிக்கு வேணான்னாங்க, எடுத்தாங்க. இன்னிக்கு வேணுன்றாங்க, சேக்கறாங்க. ரெண்டும் அவங்க சொல்றதுதானே, சாராளு? நாம எப்ப சொல்றது?” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஒந்தம்பிய கோச்சிக்க வேணான்னு எழுது. வேற பொம்பளைங்கள வெச்சி பாட்டு எடுத்துக்கட்டும், எனுக்கு மனக்கொறை இல்ல” என்றாள்.

லோகநாதனுக்கு நீ என்ன பதில் சொல்வாயோ தெரியாது. நாங்கள் வராவிட்டால் உன் படம் மறுபடி கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். உன் வயிறு எரியும், கத்துவாய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாய். இந்தத் தடவை உன்னைச் சமாதானம் செய்ய எனக்கு நேரமில்லை.

வருவதானால் வா. வயலினை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வா. கேட் முன்னால் நிழலே இல்லை, தார் ரோடு கொதிக்கிறது, இரண்டு பேருக்கு மயக்கம் வந்துவிட்டது. பந்தலுக்கு ஓலை வந்து இறங்கியிருக்கிறது. மாமாவுக்கு முட்டி வலி, மேலே ஏறிக் கட்ட ஆள் இல்லை.

அக்கா
சாராள்